ஒருவர் விழித்திருக்க, ஊர் உறங்கும்

பொழுது சாய்ந்ததும் புளியமரத்தின் சிற்றிலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து மடங்கிக்கொள்ளும். ஆழ்வார்திருநகரிக் கோயிலில் நிற்கும் புளியமரம் மட்டும் இரவிலும் இலை மூடுவதில்லை என்பது தாமிரபரணிக் கரையின் நம்பிக்கை. அதன் பெயரே உறங்காப்புளி. நம்மாழ்வார் யோகத்தில் அமர்ந்திருந்தது அதன் அடியில்தான் என்கிறது தலவரலாறு. வனவாசத்தில் அண்ணனும் அண்ணியும் கண்ணயர, 14 ஆண்டுகள் இமை மூடாமல் காவல் நின்ற இலக்குவனே இந்த மரமாக வந்திருக்கிறான் என்று கோயிலில் சொல்வார்கள்.

சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது மரத்தின் மீது இரக்கம்தான் வந்தது. இப்போது யோசித்தால் உறக்கத்தின் அடிப்படையே அந்தக் கதைக்குள் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒருவர் நிம்மதியாக உறங்க வேண்டுமானால் இன்னொருவர் விழித்திருக்க வேண்டும். நாமோ உறக்கத்தை அவரவர் உடம்பின் விஷயமாக, இத்தனை மணி நேரம் என்ற கணக்காகப் பேசப் பழகிவிட்டோம். திருநெல்வேலிச் சீமையில் அது பலர் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடாகவே இருந்து வந்திருக்கிறது. யார் எங்கே படுப்பது, யார் முதலில் எழுவது, யாருக்காக யார் கண் விழிப்பது என்பவற்றில் அந்த ஏற்பாட்டின் அன்பும் இருக்கிறது, அநீதியும் இருக்கிறது.

முதலில் சொல். சென்னையில் தூங்குகிறார்கள், நெல்லையில் உறங்குகிறார்கள். மதுரைக்குத் தெற்கே வரவர உறக்கம் என்ற சொல் பேச்சில் கெட்டிப்படும். மலையைத் தாண்டினால் மலையாளத்திலும் அதே சொல்தான். தூங்குதல் என்பதன் பழைய பொருள் தொங்குதல், அசைதல். விட்டத்தில் கட்டிய பழைய சேலை, அதற்குள் தொங்கும் பிள்ளை, ஆட்டிவிடும் ஒரு கை, இந்தக் காட்சியை நினைத்தால் இரு பொருளும் ஒரே சொல்லில் கூடியது இயல்பென்றே எனக்குப் படுகிறது. துஞ்சுதல் என்ற சொல்லோ சங்கப் பாடல்களில் உறக்கத்துக்கும் உண்டு, சாவுக்கும் உண்டு. கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி என்ற பாண்டியன் கூடகாரம் என்ற இடத்தில் உயிர் நீத்தவன். பெருமாள் பள்ளிகொள்கிறார், தாலாட்டில் பிள்ளை கண்வளர்கிறது, வயலிலிருந்து வந்தவர் சற்றுத் தலை சாய்க்கிறார். ஆளுக்கு ஏற்றபடி சொல் மாறுகிறது.

திருநெல்வேலி டவுனில் பழைய குடியிருப்பு என்றால் வளவு. தெருவிலிருந்து உள்ளே நீளும் ஒரு முடுக்கு, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், பொதுவாக ஒரு கிணறு. வீட்டுக்குள் தார்சா என்னும் முன்கட்டு, பட்டாசல் என்னும் நடுக்கூடம், அடுப்படி. வசதி இருந்தால் மேலே மச்சு. இவற்றில் எதற்கும் படுக்கையறை என்ற பெயர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பகலில் இலை போட்டுச் சாப்பிட்ட இடத்தில்தான் இரவில் பாய் விரியும். காலையில் பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டால் அங்கே ஒன்பது பேர் உறங்கினார்கள் என்பதற்கு ஒரு தடயமும் இருக்காது.

ஆனால் பாய் விரிப்பதில் ஒரு கண்டிப்பான ஒழுங்கு இருந்தது. வீட்டுப் பெரியவர் திண்ணையில் அல்லது தார்சாவில், வாசலை ஒட்டிப் படுப்பார். வயதுக்கு வந்த பையன்களுக்குத் தட்டட்டி என்னும் மொட்டைமாடி, அல்லது தெருவில் போட்ட கயிற்றுக் கட்டில். பெண்பிள்ளைகள் பட்டாசலில் ஆச்சிக்கு இருபுறமும் படுப்பார்கள். கைப்பிள்ளைக்காரி அடுப்படிப் பக்கம். இரவில் எழுந்து பால் காய்ச்சுவதற்கு அதுதான் வசதி. புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு மச்சை விட்டுக்கொடுப்பார்கள். ஒரே மச்சுள்ள வீட்டில் இரண்டு இளம் தம்பதிகள் இருந்தால், வாய்விட்டு ஒரு வார்த்தை பேசாமலேயே முறை அமைந்துவிடும். ஒரு ஓரகத்தி தன் பாயை ஆச்சிக்குப் பக்கத்தில் விரித்தால் மற்றவளுக்குச் செய்தி புரியும். மொழியே இல்லாமல் நடந்த இந்தப் பங்கீட்டை நினைக்கும்போது அதன் நயம் வியப்பளிக்கிறது. அதற்குள் அடக்கிவைத்த ஏக்கங்களும் தெரிகின்றன.

பருவத்துக்கும் பாய்க்கும் உறவு உண்டு. சித்திரை வெயிலில் சுவர் நள்ளிரவு வரை அனல் விடும். ஊரே வெளியே வந்து படுக்கும். ஆனியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கி, குற்றாலத்தில் சாரல் தொடங்கினால், தட்டட்டியில் படுத்தவர்கள் பாய் பறக்காமலிருக்க நான்கு மூலைக்கும் கல் தேட வேண்டும்.

வாசலில் படுத்த பெரியவரிடம் திரும்பி வருகிறேன். அவருடையது கோழி உறக்கம். மூன்று மணிக்கே விழித்து இருமுவார். அந்த இருமலைக் கேட்டுத்தான் உள்ளே இருப்பவர்கள் புரண்டு படுத்து மறுபடியும் உறங்குவார்கள். தான்சானியாவின் ஹட்சா வேட்டைச் சமூகத்தில் 33 பேரின் உறக்கத்தை 20 நாட்கள் கையில் கருவி கட்டிப் பதிவுசெய்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. அத்தனை இரவுகளிலும் சேர்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் உறங்கியது வெறும் 18 நிமிடங்கள். முதியவர்கள் முந்திப் படுத்து முந்தி விழிக்கிறார்கள், இளையவர்கள் பிந்திப் படுக்கிறார்கள். காவல் என்று யாரையும் நியமிக்காமலேயே இரவு முழுவதும் யாராவது ஒருவர் விழித்திருந்தார். முதுமையில் உறக்கம் மெலிவது நோயாக இருக்க வேண்டியதில்லை, கூட்டமாக வாழ்ந்த மனித இனத்துக்கு அது உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இதைப் படித்ததும் எனக்குத் திண்ணை இருமல்தான் காதில் கேட்டது.

அந்தக் காலத்தில் எல்லோரும் நீண்ட நேரம் உறங்கினார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. தான்சானியா, நமீபியா, பொலிவியா ஆகிய நாடுகளில் மின்விளக்கு இல்லாமல் வாழும் மூன்று சமூகங்களை அளந்த 2015ஆம் ஆண்டு ஆய்வில் சராசரி உறக்கம் 5.7 மணி முதல் 7.1 மணி நேரம் வரைதான் இருந்தது. இருட்டியதும் அவர்கள் படுத்துவிடவும் இல்லை. நம் இரவுகளும் ஒரே தொடர்ச்சியாக இருந்ததாகத் தெரியவில்லை. இரவைச் சாமங்களாகப் பகுத்தவர்கள் நாம். ஒரு சாமம் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். நடுச்சாமத்தில் சாமக்கோடாங்கி உடுக்கையோடு தெருவில் வருவார், நல்ல காலம் பிறக்கிறது என்று குறி சொல்லிப் போவார், விடிந்ததும் வந்து நெல் வாங்கிக்கொள்வார். அந்த வேளையில் கேட்பதற்கு ஆள் விழித்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தொழில்யுகத்துக்கு முந்திய ஐரோப்பாவில் மக்கள் முதல் உறக்கம், இரண்டாம் உறக்கம் என இரண்டாகப் பிரித்து உறங்கினார்கள் என்று ரோஜர் எக்கிர்ச் என்ற வரலாற்றாசிரியர் ஆவணங்களிலிருந்து திரட்டி எழுதியிருக்கிறார். இடையில் விழிப்பது கோளாறு என்ற பயம் அண்மைக் காலத்தது.

இனி அநீதியைப் பற்றி. எல்லோருக்கும் கடைசியாகப் படுத்து எல்லோருக்கும் முன்பாக எழுந்தவள் யார் என்று எந்த வீட்டிலும் கேட்கத் தேவையில்லை. பாத்திரம் கழுவி, அடுப்படி மெழுகி, அரிசி ஊறப்போட்டு அவள் படுக்கும்போது மணி பதினொன்று. வாசல் தெளித்துக் கோலம் போடும்போது இருட்டு விலகியிருக்காது. பகலில் அவள் சாய்ந்தால் அதற்குப் பெயர் சோம்பல். கணவனை இழந்தவளுக்குப் பாயும் தலையணையும் மறுக்கப்பட்ட வீடுகள் இருந்தன. வெறும் தரைதான் அவளுக்கு விதிக்கப்பட்டது. மாதத்தில் மூன்று நாள் தனிப் பாய், தனி மூலை. திண்ணை வழிப்போக்கருக்கெல்லாம் பொது என்று பெருமையாக எழுதுகிறோம். எந்தச் சாதி வழிப்போக்கருக்கு என்ற கேள்வி அதில் விடுபட்டுப்போகிறது. பண்ணை வீட்டின் மாட்டுத் தொழுவத்தில் வைக்கோல்மேல் படுத்துக்கொண்டே காவலும் காத்த பண்ணையாட்களுக்கு அந்தத் திண்ணையில் உட்காரவும் உரிமை இருந்ததில்லை. அவர்கள் விழித்திருந்ததால் பண்ணையார் உறங்கினார். என் ஊரின் பழமையைப் பற்றி எழுதும்போது இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

காவல் என்பதே இந்தச் சீமையில் ஓர் ஆட்சிமுறையாக இருந்தது. ஊருக்குத் தலக்காவல், ஊர்களுக்கிடையே திசைக்காவல் என வகுத்து, அதற்கென வரியும் வாங்கினார்கள். பாளையக்காரர்களை 1801இல் ஒடுக்கிய பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி அந்த உரிமையைத் தன் கைக்குக் கொண்டுபோனது. ஊரார் நிம்மதியாக உறங்குவதற்குக் கட்டணம் இருந்தது. அதை யார் வசூலிப்பது என்பதே அதிகாரச் சண்டையாக இருந்தது.

அறுவடைக் காலத்தில் களத்தில் நெல்லைக் காத்துக் கிடப்பது வேறு வகைக் காவல். பொலி என்னும் நெற்குவியலை ஒட்டியே படுக்கை. தாமிரபரணிக் கரையின் ஒன்பது பெருமாள் கோயில்களான நவதிருப்பதிகளில் ஒன்றான திருக்கோளூரில் வைத்தமாநிதிப் பெருமாள் நெல் அளக்கும் மரக்காலைத் தலைக்கு வைத்துப் பள்ளிகொண்டிருக்கிறார். களத்துமேட்டில் படுத்த ஒரு சம்சாரியின், அதாவது விவசாயியின், கோலம் அது என்றே எனக்குத் தோன்றும். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் திருப்புளிங்குடி. அங்கும் கிடந்த கோலம்தான். அந்தப் பெருமாளைப் பார்த்து நம்மாழ்வார், 'கிடந்தநாள் கிடந்தாய், எத்தனை காலம் கிடத்தி உன் திருவுடம்பு அசைய' என்று கேட்கிறார். ஒரே பக்கமாக எவ்வளவு காலம்தான் படுத்திருப்பாய், உடம்பு நோகாதா என்ற கவலை. உறங்குபவர் அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குத்தான் இந்தக் கவலை வரும்.

பாயைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சீமையின் உறக்கத்தைச் சொல்ல முடியாது. சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையில், தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை வெட்டி, பிளந்து, உலர்த்தி, ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மறுபடியும் இழை இழையாகக் கிழித்துச் சாயம் ஏற்றுவார்கள். பாவு பருத்தி நூல், அல்லது பட்டு, ஊடை கோரை. நயமான பாய் பட்டுத்துணிபோல மடியும். நெய்பவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்கள். கல்யாணத்துக்கு மணமக்களின் பெயரையே பாயில் நெய்து தருவார்கள். எந்த மதத்து வீட்டுக் கல்யாணமானாலும் அந்தப் பாய் போகும். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் அன்றாட வீட்டில் இன்று விரிவது பிளாஸ்டிக் பாய். கோரைப்பாய் உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்ளும்; பிளாஸ்டிக் பாயில் வியர்வை முதுகோடு ஒட்டும். நுண்ணிய பாய்க்கு ஒருவர் செலவிடும் வாரங்களுக்கு ஈடான கூலியை நாம் கொடுக்கத் தயாராக இல்லை என்பதே இந்தத் தொழில் மெலிந்ததன் முதல் காரணம் என்பேன்.

மதிய உறக்கத்துக்கு வருகிறேன். சோறும் குழம்பும் உண்ட பிறகு தார்சாவில் துண்டை விரித்து அரைமணி நேரம் சாய்வது நெல்லையில் கிட்டத்தட்ட ஒரு நாகரிகம். இரண்டு மணி முதல் நான்கு மணி வரை யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்கள். உண்ட மயக்கம் என்று சொல்கிறோம். சோற்றின் மீது மட்டும் பழி போடுவது சரியல்ல. உடம்பின் உள்கடிகாரமே நண்பகலுக்குப் பின் ஒரு தளர்ச்சியைக் கொண்டுவருகிறது, சாப்பிடாதவருக்கும் அது வரும். கூடவே ஒரு சிறு புவியியல் கணக்கும் உண்டு. இந்தியக் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. நெல்லை இருப்பது ஏறத்தாழ 77.7 பாகையில். ஆகவே இங்கே கடிகாரத்தில் 12 மணி அடித்து, சராசரியாக 19 நிமிடங்கள் கழித்துத்தான் சூரியன் உச்சிக்கு வருகிறது. கடிகாரம் காட்டுவதைவிட நம் நடுப்பகல் கொஞ்சம் பிந்தியது.

இந்த மதிய உறக்கத்துக்கு ஆதரவாகச் சென்னையிலிருந்து ஒரு வலுவான சான்று வந்திருக்கிறது. குறைந்த வருமானம் உள்ள 452 பேரைத் தட்டச்சுப் பணியில் அமர்த்தி நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் அவர்கள் உண்மையில் உறங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான். கொசு, வெக்கை, இரைச்சல், நெரிசல் எல்லாம் உறக்கத்தைத் துண்டு துண்டாக்கின. ஆலோசனையும் உதவியும் ஊக்கத்தொகையும் கொடுத்து இரவு உறக்கத்தை நாளுக்கு 27 நிமிடம் கூட்டிப் பார்த்தார்கள். வேலைத்திறனில் மாற்றம் இல்லை. பணியிடத்திலேயே அமைதியான இடம் கொடுத்து மதியம் அரைமணி நேரம் உறங்கவிட்டபோது வேலைத்திறனும் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்று: மணிக்கணக்கைவிட, யாரும் தொந்தரவு செய்யாமல் உறங்குவதற்கு ஓர் இடத்தை இன்னொருவர் காத்துக் கொடுப்பதே பெரிது. இரண்டு மணிக்குக் கதவைத் தட்டாதே என்று பிள்ளையைத் தடுத்த ஆச்சி செய்ததும் அதைத்தான்.

வேலை அந்த இடத்தைப் பறித்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் பஞ்சாலைகள் வந்தபோது, ஆலைச்சங்கு ஊரை எழுப்பத் தொடங்கியது. 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னிற்க நடத்திய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு வார விடுமுறையும் ஒரு கோரிக்கை. ஓய்வுக்காக அவர்கள் தெருவில் இறங்கினார்கள். அப்போது தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 1980களில் கோவில்பட்டி, சிவகாசி வட்டாரங்களில் தீப்பெட்டித் தொழிலின் பஸ்கள் விடிவதற்கு வெகுநேரம் முன்பே கிராமங்களுக்கு வந்து குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போயின. பள்ளிக்கூட வயதுப் பிள்ளையை அரை உறக்கத்தில் தூக்கி பஸ்ஸில் உட்காரவைத்த தாய்மார்களின் கைகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. உப்பளத்துக்காரர்கள் வெயிலுக்கு அஞ்சி விடியுமுன் பாத்திக்குப் போகிறார்கள். உவரி, மணப்பாடு பக்கம் மீனவர் இருட்டில் கடலேறிப் பகலில் உறங்குகிறார்கள். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பெண்கள் மடியில் தட்டை வைத்து, இலை வெட்டி, தூள் இட்டு, நூல் சுற்றி, ஆயிரம் பீடி கணக்குத் தீரும்வரை இரவில் விழித்திருக்கிறார்கள். குறைத்த ஒவ்வொரு மணி நேர உறக்கமும் அங்கே இத்தனை பீடி என்று எண்ணிக்கையாகிறது.

ஊரே வேண்டுமென்று விழிக்கும் இரவு ஒன்று உண்டு. ஊர்த் தெய்வத்துக்கு எடுக்கும் விழாவான கோயில் கொடை. மதியக்கொடை முடிந்து, வில்லுப்பாட்டில் சுடலைமாடன் கதை நீண்டு, கணியான் கூத்தின் மகுடம் என்னும் பறை அதிரத் தொடங்கும்போது பிள்ளைகள் மேடைக்கு முன் விரித்த பாயிலேயே உறங்கிப்போவார்கள். யார் பிள்ளை யார் பாயில் கிடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. போகிற வருகிற அத்தையோ சித்தியோ போர்வையை இழுத்துவிட்டுப் போவார்கள். நள்ளிரவுப் பூசையான சாமக்கொடைக்கு மட்டும் எழுப்பிவிடுவார்கள். சாமி வேட்டைக்குப் புறப்படும்போது உறங்கிக் கிடக்கக் கூடாது. அவ்வளவு சத்தத்திலும் பிள்ளைகளுக்கு அத்தனை ஆழ்ந்த உறக்கம் எப்படி வருகிறது என்று வியந்திருக்கிறேன். தன்னைச் சுற்றிப் பெரியவர்கள் எல்லோரும் விழித்திருக்கிறார்கள் என்பதை விட ஒரு பிள்ளைக்கு வேறென்ன தாலாட்டு வேண்டும்?

வளவுகள் இடிந்து, அறைக்கு ஒரு கதவும் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் வந்துவிட்டன. இளம் தம்பதிக்கு மச்சுக்கு முறை வைக்க வேண்டியதில்லை, மருமகள் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம். இது பெரிய விடுதலை, இதைத் திரும்பக் கொடுக்க யாரும் சம்மதிக்கக் கூடாது. ஆனால் திண்ணையில் படுத்த பெரியவர்? பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, பாளையங்கோட்டையில் மூன்று அறை வீட்டில் அவர் தனியாக இருக்கிறார். இப்போதும் மூன்று மணிக்கு விழிக்கிறார். அன்று அந்த விழிப்புக்கு ஒரு வேலை இருந்தது. இன்று அவர் காப்பதற்கு உள்ளே உறங்கும் ஆள் யாரும் இல்லை. மருத்துவரிடம் போய் உறக்கம் வரவில்லை என்று மாத்திரை எழுதி வாங்கிக்கொள்கிறார்.

அவருடைய சென்னைப் பிள்ளைகள் ஊருக்கு வருவது நெல்லை எக்ஸ்பிரஸில். அந்நியர்கள் ஒன்றாகப் படுத்துறங்கும் ஓர் இடம் இன்னும் மிச்சமிருக்கிறது என்றால் அந்த ரயில் பெட்டிதான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை உறங்கும் நேரம் என்று ரயில்வே விதி சொல்கிறது. அதற்கு முன்பே நடுப் படுக்கைக்காரர் கீழ்ப் படுக்கைக்காரரின் முகத்தைப் பார்த்து, சம்மதம் கேட்டுப் பலகையைத் தூக்கி மாட்டுவார். கைக்குழந்தையோடு வந்தவளுக்குக் கீழ்ப் படுக்கையை யாராவது விட்டுக்கொடுப்பார்கள். முதியவர் ஒருவர் நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்து, இருட்டில் ஓடும் ஊர்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வருவார். ஒருமுறை நான் நன்றாக உறங்கிப்போயிருந்தேன். பெயர் தெரியாத அப்படி ஒரு பெரியவர் என் காலைத் தட்டினார்.

"மணியாச்சி தாண்டிவிட்டது தம்பி. எழுந்திருங்கள், நெல்லை வந்துவிடும்."